இணைய நாளிதழும் ஆங்கிலப் பயிற்சியும்

தமிழாசிரியன் ஒருவன் ஆங்கிலம் பயிலுமாறு மாணவர்க்கு எடுத்துரைக்கப் புகுவது உங்களுள் சிலர்க்கு வியப்பைத் தரலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான். நன்னூலையும் திருக்குறளையும் ஆசான் முன் அமர்ந்து பாடம் கேட்டு வளர்ந்தவன். ஆங்கிலத்தோடு எனக்கு நெடுங்காலம் நெருங்கிய பழக்கம் இருந்ததில்லை. எனினும், வகுப்பறையில் பல்லாண்டு நின்று கண்ட ஓர் உண்மையைக் கூறாது விடுதல் முறையன்று. தாய்மொழியில் தேர்ந்த மாணவர் பலர், ஆங்கில ஏடு ஒன்றைக் கண்ட அளவிலே, கற்றதெல்லாம் மறந்தவர் போல அஞ்சி நிற்கின்றனர். அறிவுக் குறைவு அதற்குக் காரணம் அன்று; அச்சமே காரணம். அவ்வச்சத்தைப் போக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தலே அவ்வழியாகும். அந்நாளிதழ் இன்று இணையத்தின் வாயிலாக நம் கைக்கே வந்துவிட்டது என்பது நமக்கு வாய்த்த நற்பேறு.

அச்சம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதற்கண் எண்ணிப் பார்ப்போம். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கின்றான். ஒரு சொல்லைத் தவறாக ஒலிக்கின்றான். அருகிலிருப்போர் நகைக்கின்றனர். அன்று முதல் அவன் எழுந்து படிப்பதையே அஞ்சுகின்றான். பின்னர்த் தேர்வு வருகின்றது. வினாவிற்குரிய விடையை நெட்டுருச் செய்து எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றான். ஆனால், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய நான்கு வரிகளைப் படித்துச் சொல்லுமாறு அவன் தாய் கேட்டால், தயங்கித் தலை குனிகின்றான். படித்தல் என்பது மதிப்பெண்ணுக்காகச் செய்யும் தொழில் என்று அவன் மனத்தில் பதிந்துவிட்டது. பொருளறிந்து மகிழ்வதற்காகவும் ஆங்கிலத்தைப் படிக்கலாம் என்பதை அவன் ஒரு நாளேனும் உணர்ந்ததில்லை. அத்தகைய ஒரு நாள் அவனுக்கு வாய்க்குமாயின், அச்சத்தின் வேர் அன்றே ஆட்டங்காணும்.

செய்தித்தாளைத் துணைகொண்டு மொழியில் வளர்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1878ஆம் ஆண்டில் சென்னையில் இளைஞர் அறுவர் கூடி 'தி இந்து' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலம் அறிந்தோர் மட்டும் நாட்டு நடப்பை அறிந்தாற் போதாது என்று கருதிய அவர், 1882ஆம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் இதழையும் தொடங்கினார். அவ்விதழில் 1904ஆம் ஆண்டில் துணையாசிரியராக வந்து சேர்ந்த இளைஞரே சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைப் படித்து, அவற்றை எளிய தமிழில் பெயர்த்து எழுதுதல் அவருடைய அன்றாடப் பணிகளுள் ஒன்றாயிற்று. இரு மொழிகளுக்கும் இடையே நாள்தோறும் சென்று மீண்ட அப்பயிற்சி, அவருடைய உரைநடைக்கு உரமாயிற்று என்றே யான் கருதுகின்றேன். ஒரே செய்தியை இரு மொழிகளில் காணுதல் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் காவிரியின் கடைமடைப் பகுதியில் உழவர் குடியிற் பிறந்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தான். முதலாண்டு முடிந்து 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஊர் திரும்பியவன், ஒரு மாலைப்பொழுதில் என்னைக் காண வந்தான். அவன் முகம் வாடியிருந்தது.

"ஐயா, இனி நான் கல்லூரிக்குப் போவதில்லை, அப்பாவோடு வயலைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

காரணம் கேட்டேன். பாடநூல்கள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன என்றும், ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மனம் சோர்ந்துவிடுகின்றது என்றும், உடன் பயில்வோரிடம் கேட்க நாணமாக உள்ளது என்றும் கூறினான். உழவு இழிந்த தொழில் அன்று. ஆயினும், விரும்பி ஏற்கும் உழவு வேறு. கல்விக்கு அஞ்சி ஓடிவந்து ஏற்கும் உழவு வேறு. இதனை அவனுக்கு எவ்வாறு உணர்த்துவது என்று எண்ணியவாறு சிறிது பொழுது வாளா இருந்தேன்.

அந்த ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டிருந்தது. குறுவைச் சாகுபடிக்காக அணையைத் திறக்க மரபாகக் குறிக்கப்பட்ட நாள் அது. தண்ணீர் தம் ஊருக்கு எந்நாள் வந்து சேரும் என்பதே அவன் வீட்டாரின் பேச்சாக இருந்தது. அவன் கைப்பேசியில் தமிழ் நாளிதழ் ஒன்றைத் திறந்து, அணைச் செய்தியைப் படிக்கச் சொன்னேன். படித்தான். அதன் பின், அதே செய்தியை ஆங்கில நாளிதழ் ஒன்றில் தேடி எடுக்கச் சொன்னேன்.

"எனக்குப் புரியாதே, ஐயா" என்றான்.

"எனக்குந்தான் முழுதும் புரியாது. இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

முதலில் எங்களுக்குக் கைகொடுத்தவை எண்களே. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று தமிழ்ச் செய்தியில் கண்ட எண்கள் ஆங்கிலச் செய்தியிலும் மாறாது நின்றன. தமிழில் 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்றிருந்த இடத்தில், ஆங்கிலத்தில் அதே எண்ணை அடுத்து 'க்யூசெக்ஸ்' என்னும் சொல் நின்றது. அகராதியைப் புரட்டாமலே அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. அடுத்து 'டிஸ்சார்ஜ்' என்னும் சொல் வந்தது. மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டிற்கு அனுப்புவதையே அவன் அச்சொல்லால் அறிந்திருந்தான். "அணையில் யாரை ஐயா டிஸ்சார்ஜ் செய்தார்கள்?" என்று கேட்டு, உடனே தானே நகைத்தான். "தண்ணீரைத்தான் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்" என்று விடையும் கூறினான். வாடிய முகத்தோடு வந்தவன் முதன்முதலாக நகைத்தது அப்பொழுதுதான்.

பின்னர், 'கிராண்ட் அனிகட்' என்னும் தொடர் எங்கள் இருவரையும் தடுத்து நிறுத்தியது. 'கிராண்ட்' என்பது பெரியது என்று அவன் அறிவான். 'அனிகட்' என்பது யாது? எனக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் அச்சொல்லின் மீது விரலை வைத்தான். அகராதி விரிந்தது. நீரைத் தேக்கித் திருப்பும் அணை என்று பொருள் கூறி, 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்று அது காட்டிற்று. கரிகாலன் கட்டிய கல்லணையைத்தான் ஆங்கிலேயப் பொறியாளர்கள் 'பெரிய அணைக்கட்டு' என்று பெயரிட்டு வழங்கினர். முக்கொம்பிலுள்ள மேலணையும், அணைக்கரையிலுள்ள கீழணையும் அவ்வாறே ஆங்கிலத்தில் 'அப்பர் அனிகட்', 'லோயர் அனிகட்' எனப் பெயர் பெற்றன.

எத்தனையோ முறை வகுப்பில் 'அணைக்கட்டு' என்னும் சொல்லை எழுதிப் பிரித்துக் காட்டியவன் யான். அச்சொல் வேற்றுடை அணிந்து வந்தபோது என்னாலேயே அதனை அறிந்துகொள்ள இயலவில்லை. எங்கள் இருவரையும் அஞ்ச வைத்த சொல் எங்கள் வீட்டுச் சொல்லாக இருந்தது! 'கட்டுமரம்', 'சுருட்டு', 'மிளகுத்தண்ணீர்' முதலிய நம் சொற்களும் இவ்வாறே ஆங்கிலத்திற் சென்று குடியேறியுள்ளன என்று அவனுக்குக் கூறினேன். அன்று நாங்கள் படித்த செய்தி ஏறத்தாழ முந்நூறு சொற்களே கொண்டது. அதனை முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆயினும், எழுந்து செல்லும்போது, "நாளைக்கும் வருகிறேன், ஐயா" என்றான்.

அவன் நாள்தோறும் வந்தான். தண்ணீர் கடைமடையை அடையும் வரையில் அணைச் செய்தியையே இரு மொழிகளிலும் தொடர்ந்து படித்தோம். முதல் நாள் ஒரு மணி நேரம் கொண்ட வேலை, பத்தாம் நாளில் கால் மணி நேரத்தில் முடிந்தது. அவன் கல்லூரிக்குத் திரும்பினான்; 2025ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றான். நாளிதழ் ஒன்றே அவனைத் தேர்ச்சி பெறச் செய்தது என்று யான் கூறேன். அவனது உழைப்பே அவனை உயர்த்தியது. ஆனால், "புத்தகத்தைத் திறக்கும்போது இப்பொழுதெல்லாம் பயம் வருவதில்லை" என்று அவன் எழுதிய கடிதம் இன்றும் என் மேசையில் உள்ளது.

இந்நிகழ்ச்சியினின்று நாம் அறியத்தக்கவை யாவை? முதலாவது, தெரிந்த செய்தியிலிருந்தே தெரியாத மொழிக்குச் செல்லுதல் வேண்டும். பொருளும் புதிது, சொல்லும் புதிது என்றால் மனம் இரு சுமைகளைத் தாங்க வேண்டும். பொருளைத் தமிழிலே முன்னரே அறிந்து கொண்டால், சுமை பாதியாகின்றது. இரண்டாவது, ஒரே பொருள்பற்றிய செய்தியைப் பல நாள் தொடர்ந்து படித்தல் வேண்டும். அணைச் செய்தியில் முதல் நாள் கண்ட சொற்களே மறுநாளும் வரும். மூன்றாம் நாளும் வரும். அவை நாளடைவில் பழகிய முகங்களாகிவிடும். ஸ்டீபன் கிராஷன் என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1981ஆம் ஆண்டிலேயே, மொழி பயில்வோர் ஒரு துறையை, அல்லது ஓர் ஆசிரியரைப் பற்றிக்கொண்டு படித்தல் நன்று என்று எடுத்துரைத்தார். விளையாட்டில் விருப்பமுடையவர் கிரிக்கெட் செய்தியையும், வானியலில் விருப்பமுடையவர் இந்திய விண்வெளி ஆய்வு பற்றிய செய்தியையும், உழவர் மக்கள் மழை, அணை, விளைபொருள் விலை பற்றிய செய்தியையும் தேர்ந்துகொள்ளலாம்.

செய்தித்தாளின் அமைப்பும் பயில்வோர்க்கு உதவுவதே. கதையில் முடிவு இறுதியில் வரும். செய்தியிலோ தலையாய கருத்து முதற்பத்தியிலேயே வந்துவிடும். யார், என்ன, எங்கே, எப்பொழுது, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களுக்கு முதல் இரண்டு பத்திகளிலேயே பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆதலால், இறுதிவரை படிக்க இயலாதவரும் செய்தியின் சாரத்தைப் பெற்றுவிட்டோம் என்னும் மனநிறைவு பெறலாம்.

தலைப்புகள் மட்டும் தொடக்கத்தில் இடர் விளைக்கும். இடச் சுருக்கம் கருதி அவற்றிற் பல சொற்கள் விடப்படும். நேற்று நிகழ்ந்ததை நிகழ்காலத்தில் எழுதுவர். 'மினிஸ்டர் ஓப்பன்ஸ் டேம்' என்றிருந்தால் அமைச்சர் அணையைத் திறந்துவிட்டார் என்று கொள்ள வேண்டும். 'மினிஸ்டர் டு ஓப்பன் டேம்' என்றிருந்தால் இனித்தான் திறக்கப் போகின்றார் என்பது பொருள். தலையசைத்தல் எனப் பொருள்படும் 'நாட்' என்னும் சொல் தலைப்பில் ஒப்புதலைக் குறிக்கும். பிடித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த 'ஹெல்ட்' என்னும் சொல் கைது செய்யப்பட்டதைக் குறிக்கும். இத்தகைய மரபுகள் மிகப் பல அல்ல. சில கிழமைகள் கருத்தோடு படித்தால் அவை தாமே விளங்கும்.

அச்சிட்ட தாளினும் இணைய நாளிதழால் விளையும் நன்மைகள் சில உள. எழுத்தைப் பெரிதாக்கிக் காணலாம். அறியாச் சொல்லை விரலால் தொட்டுப் பொருள் காணலாம். செய்தியை உரக்க ஒலிக்கச் செய்து, சொல்லின் உச்சரிப்பைக் கேட்டறியலாம். சென்ற திங்களின் செய்தியையும் தேடி எடுக்கலாம். சென்னை இதழையும் இலண்டன் இதழையும் ஒரே இடத்திலிருந்து படிக்கலாம். இவை யாவற்றினும் பெரியதாக யான் கருதும் நன்மை வேறொன்று. நாம் தடுமாறுவதைக் கண்டு நகைப்பவர் அங்கே எவரும் இலர். ஒரே வரியைப் பத்து முறை படிக்கலாம். ஒரே சொல்லின் பொருளை ஐந்து நாளும் தேடலாம். கைப்பேசி சினவாது, சலிப்புறாது. வகுப்பில் நாணத்தால் வாய் மூடிய மாணவனுக்கு இத்தனிமை ஒரு மருந்தாகும்.

நன்மை உள்ள இடத்தில் தீமையும் மறைந்திருத்தல் உலகியல்பு. ஒரு செய்தியைப் படிக்கப் புகுந்தவரை விளம்பரமும் விளையாட்டும் வேறு வேறு திசையில் ஈர்க்கும். செய்தி போல் வேடமிட்ட வதந்திகளும் இணையத்தில் உலவுகின்றன. பெயர் பெற்ற இதழ்களின் பக்கங்களையே நாடுதல் வேண்டும். சில இதழ்கள் கட்டணம் செலுத்தினாலன்றி முழுச் செய்தியையும் காட்டா. அதுபற்றி வருந்த வேண்டா. கட்டணமின்றிப் படிக்கத்தக்கவையும் உள. கைப்பேசி இல்லாதார் ஊர்ப்புற நூலகத்தில் கிடைக்கும் அச்சிட்ட இதழைக் கொண்டு இப்பயிற்சியைச் செய்யலாம். இவை எல்லாவற்றினும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பொத்தான் ஒன்றை அழுத்தினால் ஆங்கிலச் செய்தி முழுவதும் தமிழாக மாறிவிடும் கருவி இன்று உள்ளது. அதனை முதலிலேயே நாடுவோர், பிறர் தோளில் ஏறி ஊர் சுற்றுவோர் ஆவர். அவர் கால் வலுப்பெறாது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுதல் பயிற்சி. முழுச் செய்தியையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தல் பயிற்சியைத் துறத்தல்.

நாளிதழ் மாணவர்க்கு மிகக் கடினம் அன்றோ என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் உண்மை இல்லாமல் இல்லை. பால் நேஷன் என்னும் நியூசிலாந்து அறிஞர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நாளிதழ் போன்றவற்றைப் பிறர் துணையின்றி இடரில்லாமல் படிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்களை அறிந்திருத்தல் வேண்டும். இத்தொகையைக் கேட்டு அஞ்ச வேண்டா. எந்தச் செய்தியையும் தங்குதடையின்றிப் படிக்க வேண்டுவார்க்கே இவ்வளவு சொல் வேண்டும். தெரிந்த செய்தியை, ஒரு துறையில் மட்டும், அகராதித் துணையோடு படிக்கப் புகும் மாணவர்க்கு அத்தனை சொல் வேண்டுவதில்லை. அவ்வாறு படித்தலே அச்சொற்களை ஈட்டும் வழியுமாகும். அதுவும் அரிதாயின், பயில்வோர்க்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதப்படும் செய்திகளிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் குரல் வானொலி 1959ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்டு சிறு சிறு தொடர்களில் அமைத்து மெல்ல வாசிக்கும் செய்தி ஒலிபரப்பைத் தொடங்கியது. செய்தியை எளிமையாக்கிப் பயில்வோர்க்கு அளிக்கும் வழக்கம் இத்துணைப் பழமையுடையது.

பயிலும் முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். நாள்தோறும் ஒரே நேரத்தை இதற்கென ஒதுக்குக. இருபது நிமிடம் போதும். முதலில் தமிழ்ச் செய்தியைப் படித்திடுக. பின்னர் அதே பொருள்பற்றிய ஆங்கிலச் செய்தியை, எச்சொல்லுக்கும் நில்லாமல் ஒரு முறை இறுதிவரை படித்திடுக. புரிந்தது எவ்வளவு என்று நுமக்கு நீரே சொல்லிப் பார்த்திடுக. இரண்டாம் முறை படிக்கும்போது, பொருளுக்கு இன்றியமையாத ஐந்து சொற்களை மட்டும் தேர்ந்து, முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு பொருளை உய்த்துணர முயல்க. அதன் பின்னரே அகராதியைத் தொடுக. இறுதியில், படித்த செய்தியின் சாரத்தை மூன்று வரிகளில் நல்ல தமிழில் எழுதி வைத்திடுக. பொருள் உண்மையாகவே விளங்கிற்றா என்பதை அறிவிக்கும் உரைகல் அதுவே. பாரதியார் இதழலுவலகத்தில் செய்த பணியைச் சிறிய அளவில் நீவிரும் செய்தவராவீர். ஆங்கிலம் வளரும்போதே தமிழும் உடன் வளரும்.

ஒரு நாளைக்கு 300 சொற்கள் என்று கணக்கிட்டால், ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைப் படித்தவராவீர். சிறு துளியும் நாளும் சேர்ந்தால் குளம் நிறையும் என்பதைக் காவிரிக் கரையில் பிறந்தார்க்கு யான் கூற வேண்டுவதில்லை.

மாணவர்களே! ஆங்கிலம் அறிந்தவர் யாவரும் அறிஞர் அல்லர். அறியாதவர் யாவரும் அறிவிலிகளும் அல்லர். ஆயினும், உயர்கல்வி நூல்களும் உலகின் ஆராய்ச்சிகளும் பெரிதும் அம்மொழியில் உள்ள இந்நாளில், அதற்கு அஞ்சி நிற்றல் நம் உரிமையை நாமே விட்டுக்கொடுத்தலாகும். கற்பிக்கும் ஆசானுக்கே அறுபது வயதுக்குப் பின் கற்க முடிந்த ஒன்று உங்களுக்கு அரிதாகுமோ? இன்று மாலையே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் பாதிதான் புரியும். அந்தப் பாதியை நினைந்து மகிழுங்கள். எஞ்சிய பாதிக்கு நாளை வரும் நாளிதழ் இருக்கின்றது.